பட்டாணியில் ஒளிந்த கால் பங்கு

35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 6 சென்ட். புருனோ நகர மடாலயத்தில் கிரிகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்த தோட்டம் அவ்வளவுதான். வாங்கியவை 34 ரகங்கள். 2 ஆண்டுகள் சோதித்துவிட்டு அவற்றில் 22ஐ வைத்துக்கொண்டார்.

உருண்டை விதைச் செடியைச் சுருக்க விதைச் செடியோடு கலந்தார். முதல் தலைமுறையில் கிடைத்த சுருக்க விதை: 0. மற்ற ஆறு பண்புகளிலும் இதே கதைதான். கலப்பினச் செடிகளைத் தம்முள் மகரந்தம் சேரவிட்டபின் இரண்டாம் தலைமுறையில் வந்த வரவு (முதல் தலைமுறையில் தெரிந்த ஓங்கு பண்பு முதலில், மறைந்திருந்த ஒடுங்கு பண்பு அடுத்து):

விதை வடிவம்: 5,474 – 1,850
விதை நிறம்: 6,022 – 2,001
பூ நிறம்: 705 – 224
காய் வடிவம்: 882 – 299
காய் நிறம்: 428 – 152
பூ அமைவிடம்: 651 – 207
செடி உயரம்: 787 – 277

மொத்தம் 14,949க்கு 5,010, அதாவது 2.98க்கு 1. காணாமல் போன பண்பு கால் பங்காகத் திரும்பி வந்துவிட்டது.

முதல் இரண்டு வரிகள் மட்டும் ஏன் இத்தனை பெரியவை? விதையின் வடிவமும் நிறமும் காயை உரித்ததுமே தெரிந்துவிடும். 253 செடிகளிலேயே 7,324 விதைகளை எண்ணிவிட்டார், செடிக்கு 29. உயரம் அப்படியல்ல. 1,064 என்று எழுத 1,064 செடிகளையும் விதைத்து வளர்த்தாக வேண்டும்.

உண்மையான செலவு அதற்கடுத்த கட்டத்தில்தான். நெட்டைச் செடி இரண்டு வகை: நெட்டை மரபணு இரண்டு கொண்டது; நெட்டை ஒன்றும் குட்டை ஒன்றும் கொண்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிரித்தறிய, அதன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். விதை சாராத 5 பண்புகளுக்கும் தலா 100 செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் 10 விதைகளை விதைத்தார். காய் நிறத்தில் ஒடுங்கு பண்பை ஒளித்தவை 60, ஒளிக்காதவை 40 என்று கிடைத்தது அவருக்குத் திருப்தி தரவில்லை. அந்தச் சோதனையை மறுபடி செய்தார். ஆக 6,000 விதைகள். 6 சென்ட் தோட்டக்காரருக்கு இது பெரிய செலவு.

பலன்: 600 செடிகளில் 399 ஒடுங்கு பண்பை ஒளித்து வைத்திருந்தவை. எதிர்பார்த்த மூன்றில் இரண்டு பங்கு என்றால் 400. ஒன்றே ஒன்றுதான் குறைவு!

இங்கேதான் ஒரு வில்லங்கம். ஒளித்து வைத்திருக்கும் செடியின் 10 பிள்ளைகளும் தற்செயலாக ஓங்கு பண்போடே வந்துவிட 5.6 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவை கணக்கில் தப்பிவிடும். ஆகவே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 377 அளவில்தான். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் இதைத்தான் பிடித்தார். மெண்டல் 10க்கும் மேல் விதைத்திருப்பார் என்று வாதிடுவோர் உண்டு. என் கணிப்பில் இந்த 22 செடி வித்தியாசம் மேலே ஏழு பண்புகளுக்கும் சேர்த்து எண்ணிய 19,959ஐ அசைக்காது. 1900இல் மறுபடி சோதித்தவர்களுக்கும் 3க்கு 1தான் கிடைத்தது.

'ஒடுங்கு' என்ற சொல்லைக் கேட்டு, நலிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சுருக்க விதையின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று நுழைந்து, மாவுச்சத்தைக் கிளைபரப்பும் நொதியை முடக்கியிருப்பதை 1990இல் கண்டார்கள். மாவாக மாறாத சர்க்கரை விதையில் தங்கி நீரை இழுக்கும். காயும்போது தோல் சுருங்கும். வேலை செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டுவிடும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால், கலப்பின விதையின் மாவுத் துகள்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கின்றன. ஓங்கியது எது என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

அந்தச் சர்க்கரைக்காகவே, கடைகளில் பாக்கெட்டில் உறையவைத்து விற்கும் இனிப்புப் பட்டாணி பெரும்பாலும் சுருக்க விதை ரகம்.