வாங்கியது தி.நகரில், புகார் கொடுப்பது நம் ஊரிலிருந்து

காரைக்கால் மாவட்டத் திருவேட்டக்குடியில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மண்டபத்துக்கு அடுத்தபடி பேசப்படுவது சென்னைப் பயணம். இரவு வேன் ஏறினால் விடியும்போது சென்னை. பிள்ளைகளுக்காக வண்டலூர் பூங்காவோ மெரினாவோ ஒரு பொழுது. பிறகு மாம்பலம், ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, பாண்டி பஜார். பட்டு, நகை, பாத்திரம், மிக்ஸி எல்லாம் ஒரே நாளில் வாங்கி, மூட்டையைக் கட்டிக்கொண்டு அன்று இரவே திரும்பிவிடுகிறார்கள். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களும் இதே வழிதான். இங்குள்ள என்.ஐ.டி.யில் படிக்கும் பிள்ளைகள் லேப்டாப்புக்கு ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள்.

பிரச்சினை ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. முதல் முறை உடுத்தி மடித்த பட்டு, மடிப்பு வழியே விட்டுப்போகிறது. 22 காரட் என்று வாங்கிய சங்கிலியை அடகுக்கு வைக்கப் போனால், மாற்று குறைவு என்கிறார் கடைக்காரர். மிக்ஸி இரண்டாவது வாரமே புகைகிறது. சென்னைக் கடைக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் "நேர்ல கொண்டு வாங்க" என்ற ஒரே பதில்தான். "ஆயிரம் ரூபாய் பொருளுக்கு ரெண்டாயிரம் செலவு பண்ணி யார் சென்னைக்கு அலையறது?" என்று பொருளைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கதையை எங்கள் கோட்டுச்சேரி கொம்யூன் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சென்னைக்கு அலையவே தேவையில்லை என்பது இவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் சிலரும், "கடை எங்கே இருக்கிறதோ அங்கே போய் வழக்குப் போடுங்கள்" என்று இன்னமும் திருப்பி அனுப்புகிறார்கள். 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் காலத்துப் பதில் அது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 34-வது பிரிவின்படி, புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே வேலை செய்கிறாரோ, அந்த மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கடை சென்னையில் இருக்கட்டும், கோவையில் இருக்கட்டும், திருவேட்டக்குடிக்காரர் காரைக்காலுக்கு உரிய ஆணையத்தை நாடினால் போதும். வேலை வெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டியது கடைக்காரர் தரப்பு.

ஆனால் இதற்கெல்லாம் கையில் பில் இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

நகைக்கடையில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். "அக்கா, பில் போட்டா மூணு பர்சன்ட் கூடும். எஸ்டிமேட் போதும்ல?" லட்ச ரூபாய் நகைக்கு 3,000 ரூபாய் மிச்சம் என்ற கணக்கில் நாமும் தலையாட்டிவிடுகிறோம். அந்த எஸ்டிமேட் சீட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடையின் முழுப்பெயர் இருக்காது, வரிசை எண் இருக்காது, ஜி.எஸ்.டி. எண் இருக்காது. எடை, சேதாரம், கூலி என்று நாலு எண்களைக் கூட்டி, கடைசியில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். நாளை அந்தக் கடையே "இது எங்கள் சீட்டு இல்லை" என்று சொன்னால், உங்களிடம் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. 3,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், லட்ச ரூபாய்ப் பொருளின் மீதிருந்த உரிமையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

சரியான பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும், புதுச்சேரி, காரைக்கால் கடை என்றால் 34. பில் எண், தேதி, பொருளின் விவரம், வரி தனியாக இருக்க வேண்டும். நகை பில்லில் நிகர எடை, தூய்மை, கல் இருந்தால் கல்லின் எடை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று சட்டம் சொல்கிறது. கேட்பது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை.

வாங்கிய பில்லை அன்றே, வேனில் ஏறுவதற்கு முன்பே, செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். இப்போது பெரும்பாலான கடைகள் தருவது வெப்பத் தாளில் அடித்த பில். பீரோவில் வைத்த சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சுகிறது. அப்படி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி "இதுதாங்க பில்" என்று சொல்லும் பெரியவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மறுபடி சொல்கிறேன்: பில் கேளுங்கள், படம் எடுங்கள், வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

பில்லே வாங்காமல் வந்துவிட்டவர்கள் உடனே கைகழுவிவிட வேண்டாம். கார்டு தேய்த்த சீட்டு, ஜிபே செய்த பதிவு, கடை அனுப்பிய குறுஞ்செய்தி, பொருளின் டேக், பெட்டியின் மேல் உள்ள வரிசை எண் ஆகியவையும் சான்றுகள்தான். பலம் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. ரொக்கமும் கொடுத்து, எஸ்டிமேட்டும் வாங்கி வந்தவர்களின் நிலைதான் மோசம்.

நகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு எழுத்தெண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. அடையாளம் இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான உருப்படிகள் போன்ற சில விலக்குகள் உண்டு. நகையில் பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 போன்ற தூய்மைக் குறி, இந்த ஆறு இலக்க அடையாளம் ஆகிய மூன்றும் பொறித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கடையில் பூதக்கண்ணாடி கேட்டுப் பாருங்கள். பிறகு போனில் உள்ள பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கடை பதிவு செய்தது, எந்த மையம் சோதித்தது, என்ன நகை, என்ன தூய்மை என்று வரும். கையில் இருப்பது வளையல், செயலியில் வருவது மோதிரம் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. மூன்று மணிநேரம் டிசைன் பார்க்கிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தை ஏன் செலவழிப்பதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

ஹால்மார்க் இருந்தும் தூய்மை குறைவு என்று சந்தேகம் வந்தால், அடகுக்கடை உரசலை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள். பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிறு கட்டணம் கட்டிச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். குறைவு உறுதியானால், 2018-ம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகளின்படி, குறைந்த தூய்மைக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை உங்களுக்குத் தர வேண்டும்.

இனி "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வாசகம். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தபின் நிறம் பிடிக்கவில்லை, அத்தை குறை சொன்னார் என்பது பழுது அல்ல. அதை மாற்றித் தருவது கடையின் விருப்பம். இதற்கெல்லாம் ஆணையத்துக்குப் போனால் உங்கள் நேரமும் போகும், உண்மையான புகார்களும் பின்னுக்குத் தள்ளப்படும்.

இப்போது காகித வேலைக்கு வருவோம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடையோடு தொடர்புகொண்டு சமாதானமாக முடிக்கப் பார்ப்பார்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அது நீதிமன்றம் அல்ல, கடை மசியவில்லை என்றால் அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆறு மாதம் அதையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அடுத்தது ஒரு பக்கக் கடிதம். பில் எண், தேதி, பொருள், விலை, என்ன பழுது, எப்போது தெரிந்தது, என்ன வேண்டும், 15 நாளில் பதில் தேவை. இவ்வளவுதான். திட்டி எழுதாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

கடிதத்தை யார் பெயருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயர் வேறு, சட்டப்படி நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். ஒரே பெயரில் அண்ணன் ஒரு கடை, தம்பி ஒரு கடை நடத்துவதும் உண்டு. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில், பில்லில் உள்ள 15 இலக்க எண்ணைத் தட்டுங்கள். நிறுவனத்தின் சட்டப் பெயரும் தொழில் முகவரியும் வந்துவிடும். அதையே எதிர்த்தரப்பாக எழுதுங்கள். பெயர் தவறினால், "அந்த நிறுவனம் நாங்கள் இல்லை" என்ற ஒரே வரியில் தப்பித்துவிடுவார்கள்.

பதில் இல்லை என்றால் புகார். இ-ஜாக்ரிதி என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். மாநிலம் கேட்கும் இடத்தில் புதுச்சேரி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் போகாதீர்கள், அவை தமிழ்நாடு. புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பில் நகல், அனுப்பிய கடிதமும் அஞ்சல் ரசீதும், பழுதின் புகைப்படம், இவற்றோடு நீங்கள் இங்கே குடியிருப்பதற்கான சான்று. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். வேலைக்காக வெளியூரில் இருந்தபோது ஆதாரில் அங்கத்திய முகவரியைப் போட்டுவிட்டு, ஊர் திரும்பிய பிறகும் மாற்றாதவர்கள் ஏராளம். முகவரி இங்கே இல்லை என்றால், சட்டம் தந்த இந்தச் சலுகையே ஆட்டம் கண்டுவிடும்.

5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை விசாரிக்கும். வக்கீல் கட்டாயம் இல்லை. காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். புகாரை ஏற்பதா என்பதை 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏற்கப்பட்டதாகவே பொருள். எதிர்த்தரப்புப் பதில் தர 30 நாள், அதற்குமேல் 15 நாள் வரை நீட்டிப்பு. அதைத் தாண்டி ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை இதற்கு வெகு தூரம். நாடு முழுக்க ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் பதவிகளை அரசுகள் காலியாகப் போட்டு வைத்ததால், 2021-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரிக்க வேண்டி வந்தது. சட்டத்தில் மாதக் கணக்கை எழுதிவிட்டு, நாற்காலியில் ஆள் போடாமல் இருப்பது மக்களை ஏமாற்றுவதுதான். அதற்காக நாம் புகாரே கொடுக்காமல் இருந்தால், வழக்கு இல்லை, ஆள் தேவையில்லை என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகிவிடும்.

தீர்ப்பு வந்தபின் கடைக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் வழக்கை அத்தோடு விட்டுவிடாதீர்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனுப் போடுங்கள். ஆணைய உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டோக்கியோவிலோ ஒசாகாவிலோ கடைத்தெருவில் நேரில் வாங்கிய பொருளுக்கு, காரைக்காலில் உட்கார்ந்து நம் ஆணையத்தின் வழியே தீர்வு பெறுவது நடக்காத காரியம். அங்கே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம், சுற்றுலாப் பயணிகளுக்கென்றே பன்மொழித் தொலைபேசிச் சேவை ஒன்றை நடத்துகிறது. சிங்கப்பூரில் சிறு உரிமைகோரல் தீர்ப்பாயம், சுற்றுலாப் பயணிகளின் வழக்குகளை ஊர் திரும்புமுன் விரைந்து எடுக்கிறது. நம் தி.நகரில் தீபாவளிக் கூட்டத்துக்குப் போலீஸ் உயர்கோபுரம் வைக்கிறார்கள். ஒரு நுகர்வோர் உதவி மேசை வைக்க என்ன தடை?

கூட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 மே 31 அன்று தி.நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. கடை திறக்குமுன் பிடித்த தீ என்பதால் வாடிக்கையாளர் உள்ளே இல்லை. மாடிக் கடைக்குள் நுழைந்ததும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் போன் எண்ணை எழுதி வையுங்கள். பிள்ளை காணவில்லை என்றால் உடனே 112 அல்லது 1098. ஆன்லைனில் பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930.

  

கடைசியாக, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலவரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. சென்ற ஆண்டு முகூர்த்தத்துக்கு வாங்கி, பழுதாகிப் பரண்மேல் போட்ட பொருளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது.