‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்லும் முதியவர்கள்

தமிழர் இருவர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே வரும் கேள்வி, “சாப்பிட்டாச்சா?” என்பதுதான். அதற்கு “ஆச்சு” என்று பதில் சொல்வதும் நம் பழக்கம். இந்த “ஆச்சு” எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. வயதானவர்கள் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில் பகுதிகளில் தனியாக வாழும் முதியவர்களுக்கு நாங்கள் சிலர் சேர்ந்து மதிய உணவு கொண்டுபோய்க் கொடுத்து வருகிறோம். அந்த அனுபவத்தில் கண்ட சில விஷயங்களை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

அரிசி இருந்தும் பசி

தாராவியில் பொழுது விடியுமுன் இட்லி அவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் நகரெங்கும் விற்கும் தொழில் பெரும்பாலும் நம்மவர்கள் கையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொழிலில் 30 வருடம் உழைத்த நெல்லைச் சீமை ஆச்சி ஒருவர் எங்கள் பட்டியலில் இருக்கிறார். வயது 78. கணவர் இல்லை. மகன் குடும்பத்தோடு வசாய் பக்கம் போய்விட்டார். ஆச்சி இருப்பது மாடி அறை. ஏறி இறங்கச் செங்குத்தான இரும்பு ஏணி. முழங்கால் வலியோடு அதில் இறங்குவது நடக்கிற காரியமில்லை.

முதலில் போய்க் கேட்டபோது, “ஆச்சு தம்பி, சாப்பிட்டாச்சு” என்றார். உடன் வந்த பெண்மணி, “என்ன ஆச்சி சாப்பிட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். டீயில் நனைத்த ஒரு பாவ். முந்தின நாள் இரவும் அதேதான். டின்னில் ரேஷன் அரிசி நிறைய இருந்தது. கேஸ் தீர்ந்து ஒன்பது நாளாகியிருந்தது. சிலிண்டரை மாடிக்கு ஏற்ற ஒருவரைக் கெஞ்ச வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டார். ஊருக்கெல்லாம் இட்லி அவித்துப் போட்டவர், “ஒரு ஆளுக்கு எதுக்கய்யா உலை வைக்க?” என்று கேட்டபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

பசி ஏழைகளுக்கு மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். மாட்டுங்காவில் லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். நல்ல பென்ஷன் வருகிறது. மனைவி இருந்தவரை அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை. அவர் காலமான பிறகு பிஸ்கட்டிலும் காப்பியிலும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள்வார். நாங்கள் சாப்பாடு கொடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், உடல் வியர்த்து, பேச்சுக் குழறி நாற்காலியில் சாய்ந்திருந்தார். அன்று கேரியர் கொண்டுபோன நண்பர் விவரம் தெரிந்தவர். பெரியவருக்கு நினைவு இருப்பதையும் விழுங்க முடிவதையும் பார்த்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு டாக்டரை அழைத்தார். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர் சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். மதியச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானாலும் இவர்களுக்கு ஆபத்துதான்.

வயதானால் பசியும் தாகமும் முன்போல் தெரிவதில்லை. பல் இல்லாதவர் முதலில் விடுவது காய்கறியும் சுண்டலும். புரதம் குறையக் குறையத் தசை கரைகிறது. தசை கரைந்தால் கால் தள்ளாடிக் கீழே விழுகிறார்கள். விழுந்தவர் படுக்கையோடு ஆனால் சமையலும் நின்றுபோகிறது. இது ஒரு சுற்று. இதை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். சாப்பாட்டில் அறுப்பதுதான் சுலபம்.

நாங்கள் செய்யும் முறை

நம் பெண்மணி ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் சமையல் நடக்கிறது. குழைந்த சாதம், பருப்பு, மசித்த காய், தயிர். உப்பும் காரமும் குறைவு. ஒவ்வொரு கேரியரிலும் வண்ண நாடா கட்டியிருக்கும். சிவப்பு என்றால் சர்க்கரை நோய், நீலம் என்றால் ரத்தக் கொதிப்பு, மஞ்சள் என்றால் பல் இல்லாதவர். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை, இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு மாற்று ஆள் உண்டு.

ரயில்வேயில் தண்டவாளத்தை நடந்து பார்ப்பதற்கென்றே ஆள் உண்டு. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக யாரும் அந்த நடையை நிறுத்துவதில்லை. இங்கும் அதே ஒழுங்குதான். கேரியரைக் கொடுத்துவிட்டு ஓடிவராமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். நேற்றுக் கொடுத்ததில் எவ்வளவு மீந்தது? மாத்திரை இருக்கிறதா? கேஸ் இருக்கிறதா? சட்டை தொளதொளப்பாகிறதா? இவற்றை ஒரு நோட்டில் குறிக்கிறோம். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு, விவரம் தெரிந்த பிறகுதான் அடுத்த வீடு.

செலவுக்கு நம் குடும்பங்கள் பிறந்த நாளிலும் திதி நாளிலும் பணம் தருகிறார்கள். வடை பாயசத்தோடு ஒரு நாள் விருந்து போட வேண்டும் என்று சிலருக்கு ஆசை. அதே தொகையில் ஒருவருக்கு ஒரு மாதச் சாப்பாடு ஆகும் என்று எடுத்துச் சொன்னால் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார்கள்.

காகித வேலையும் தொண்டுதான்

தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983 ஜனவரியிலிருந்து முதியோர் பென்ஷன் பெறுவோரும் சேர்க்கப்பட்டார்கள். பேரப் பிள்ளைகளுக்கு உலை கொதித்த அடுப்பிலேயே தாத்தா பாட்டிகளுக்கும் சோறு வெந்தது. பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்து இங்கேயே முதுமை அடைந்தவர்களுக்கு அந்த அடுப்பு எட்டாது.

ஆனாலும் சில உரிமைகள் உண்டு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 ஜனவரி முதல் அது இலவசம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஊர் ரேஷன் கார்டு இருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ ஏற்பாட்டில் இங்கேயும் அந்தத் தானியத்தை வாங்கலாம். பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்த விரல்களை மெஷின் ஏற்காது. அதற்காக அரிசியை மறுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் உத்தரவு. முதியவர் ஒருவர் தனியாகப் போய் இதைச் சொன்னால் கடையில் எடுபடுவதில்லை. கூட ஒருவர் நின்றால் நிலைமை மாறுகிறது.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதியோர் பென்ஷன் உண்டு. மத்திய அரசின் பங்காக 2011ல் வகுத்த அளவு, 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500 ரூபாய். மாநில அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. விண்ணப்பம் எழுதவும், மராத்தியில் பேசவும் நம் இளைஞர்கள் முன்வர வேண்டும். கேரியர் தூக்க முடியாதவர்கள் இதைச் செய்யலாம். முதியோர் உதவிக்கான 14567 என்ற தேசியத் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் சுவரில் ஒட்டி வைப்பதும் நல்லது.

ஒரு வேண்டுகோள்

உங்கள் கட்டடத்திலும் சாலிலும் தனியாக இருக்கும் பெரியவர் யார் என்று இந்த வாரமே பாருங்கள். நேராக உதவி என்று பேசினால் கூசிப்போவார்கள். “இன்றைக்கு வீட்டில் மோர்க்குழம்பு, ருசி பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு கிண்ணத்தோடு போனால் கதவு திறக்கும்.

இன்னொன்று. பள்ளி விடுமுறை தொடங்கினால் நாம் எல்லோரும் குடும்பத்தோடு ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறோம். மே மாதத்தில் கேரியர் எடுத்துப் போக ஆள் கிடைப்பதே கஷ்டம். வெயிலும் அப்போதுதான் கடுமை. ஊருக்குப் போகாதவர்கள் வாரம் ஒரு நாள் தர முடியுமானால் இப்போதே பெயர் கொடுங்கள். ஏணி ஏறத் தெம்புள்ள இளைஞர் இருவர் கட்டாயம் வேண்டும். ஆச்சியின் அறை மாடியில்தான் இருக்கிறது.