தராசைப் பாருங்க... காசு மிச்சம்!

சென்னை: மளிகைச் சாமான் விலை ஏறிவிட்டது என்று புலம்பாத இல்லத்தரசி கிடையாது. ஆனால் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட எடையைக் கவனிப்பது இல்லை. காசு கரைவது அங்கேதான்!

கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால், 100 ரூபாயில் 5 ரூபாய் அபேஸ்! மாதம் 6 ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கும் வீட்டில், அத்தனையிலும் இப்படிக் குறைந்தால் 300 ரூபாய் போச்சு.

பூஜ்யம் இருக்கா?

சாமானை வைக்கும் முன்பு எலக்ட்ரானிக் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தட்டு வைத்து எடை போட்டால், தட்டின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியோடு எடை போட்டால், அட்டைக்கும் ஸ்வீட் விலைதான்! "பெட்டி இல்லாம எடை போடுங்க" என்று கேட்க வெட்கம் எதற்கு?

பாக்கெட் கணக்கு

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. அரைக் கிலோ 90 ரூபாய், ஒரு கிலோ 185 ரூபாய் என்றால், அரைக் கிலோவாக இரண்டு வாங்குவதே லாபம். விலை ஏறாத பாக்கெட்டில் எடை இறங்கியிருக்கவும் கூடும். ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எடையைக் குறைத்தாலும், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலும் குற்றம். தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் புகார் செய்யலாம். பில்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புகாருக்கு அதுதான் பலம்!