கடிகாரத்தோட மல்லுக்கட்டாதீங்க பாஸ்!

சாயங்காலம் ஆறரை மணி. காலேஜ் முடிஞ்சு, பேக்கை ஒரு மூலையில் போட்டுவிட்டு ஜிம்மில் நிற்கிறீர்கள். ஸ்பீக்கர் அலறுது. சுவரில் பெரிய டிஜிட்டல் கடிகாரம் சிவப்பு எழுத்தில் ஓடுது. பக்கத்தில் ஒரு வெள்ளை போர்டு. அதில் எல்லோர் பெயரும் இருக்கு. எதிரே அவரவர் எடுத்துக்கொண்ட நேரம். உங்க பெயர் கடைசியில்!

நாக்கு வெளியே தள்ளுது. கை நடுங்குது. முதுகு லேசா வளைய ஆரம்பிச்சாச்சு. "விடாத மச்சான்... இன்னும் அஞ்சே அஞ்சு!" என்று நண்பன் கத்துகிறான்.

இப்போ என்ன பண்ணுவீங்க? கம்பியைக் கீழே வைப்பீங்களா, பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த அஞ்சையும் முடிப்பீங்களா?

பதிலை மனசுக்குள்ளேயே வெச்சுக்குங்க. கடைசியில் மறுபடி கேட்கிறேன்.

அப்படி என்ன பயிற்சி இது?

தரையில் இருக்கும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பது, கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவது, கிளம்பிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிப்பது... இதிலெல்லாம் ஏதாவது ஒரு தசை மட்டுமா வேலை செய்யுது? கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் கூட்டணி போட்டுத்தான் வேலையை முடிக்குது. இப்படி உடம்பு முழுக்க ஒண்ணா இயங்குகிற அசைவுகளைப் பயிற்சியாக்கினால் அதுதான் 'ஃபங்ஷனல் டிரெய்னிங்'. அதையே மூச்சு வாங்க வாங்க, ஓய்வைக் குறைத்து, வேகமாகச் செய்தால் 'ஹை இன்டென்சிட்டி'.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது கிராஸ்ஃபிட். 2000-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மேன், லாரன் ஜெனாய் இருவரும் தொடங்கியது. அங்கே ஜிம்முக்குப் பெயர் 'பாக்ஸ்'. சுற்றிலும் கண்ணாடி கிடையாது, வரிசையா மெஷின் கிடையாது. கம்பி, வெயிட் பிளேட், கெட்டில்பெல், கயிறு, தொங்க ஒரு பார். அவ்வளவுதான்.

ஒரு சாம்பிள் பாருங்க. 'ஃப்ரான்' என்று ஒரு பிரபலமான ஒர்க்அவுட். ஆண்களுக்கு 43 கிலோ கம்பியோடு உட்கார்ந்து எழுந்து, அப்படியே தலைக்கு மேலே தள்ள வேண்டும். இப்படி 21 முறை. உடனே 21 புல்-அப். அப்புறம் ரெண்டும் 15, 15. கடைசியில் 9, 9. கேட்க சிம்பிளா இருக்கில்ல? தேர்ந்த ஆட்கள் மூணு நிமிஷத்துக்குள் முடிச்சுடுவாங்க. முடித்ததும் அவங்களே தரையில் மல்லாந்து கிடப்பாங்க!

'இதென்ன புதுசா... எங்க தாத்தா பண்ணாததா?' என்று கேட்டீங்கன்னா, பாயின்ட்தான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவது எல்லாமே முழு உடம்புக்கான வேலைதான். ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. இளவட்டக்கல்லைத் தூக்கினாயா இல்லையா என்றுதான் ஊர் பார்க்கும். அஞ்சு நிமிஷத்தில் எத்தனை தடவை தூக்கினாய் என்று யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரையின் வில்லன் யாருன்னு இப்பவே லேசா புரிஞ்சிருக்குமே?

பிளஸ் பக்கம்

முதல் பிளஸ், நேரம். அசைன்மென்ட், அரியர், பார்ட் டைம் வேலை என்று ஓடுகிறவர்களுக்குத் தினமும் ரெண்டு மணி நேர ஜிம் நடக்கிற கதையா? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி போதும் என்கிறது. அதோடு, வாரத்தில் ரெண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கணும். வாரம் மூணு நாள், நாளுக்கு அரை மணி இப்படிப் பயிற்சி செய்தால் ரெண்டு கணக்கும் ஒரே இடத்தில் டேலி ஆகிடும்.

ரெண்டாவது, இதயமும் தசையும் சேர்ந்து பலப்படும். வெறும் ஓட்டத்தில் தோளுக்கு வேலை கம்மி. வெறும் பைசெப்ஸ் கர்லில் மூச்சுக்கு வேலை கம்மி. இதில் ரெண்டும் உண்டு.

மூணாவது, கூட்டம். தனியா ஜிம்முக்குப் போகிறவர் மூணாம் வாரம் காணாமல் போவார். இங்கே ஒரு நாள் மட்டம் போட்டாலே "எங்கடா போன?" என்று நாலு பேர் கேட்பாங்க. அந்த நாலு பேருக்காகவாவது ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவோம்.

நாலாவது, பெண்களுக்கு. 'வெயிட் தூக்கினா பயில்வான் மாதிரி ஆயிடுவே' என்று வீட்டில் பயமுறுத்துவாங்க. அப்படியெல்லாம் ஆகிவிடாது. வெயிட் தூக்கினால் எலும்பும் தசையும் உறுதியாகும். பிற்காலத்துக்கும் அது சேமிப்பு. இந்த ஜிம்களில் பெண்களுக்கு ஓரமா தனி மூலை கிடையாது. அதே கம்பி, அதே போர்டு.

மைனஸ் நம்பர் ஒண்ணு: களைப்பில் கலையும் முறை

'டபாட்டா' என்ற பெயரை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு. ஜப்பான் ஆராய்ச்சியாளர் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஏழெட்டுச் சுற்றில் ஆளே காலி ஆகிற வேகம். ஆறு வாரத்தில் மூச்சுத் திறனும் கூடியது, குறைந்த நேர வேகத் திறனும் கூடியது. சூப்பர்தான். ஆனா அந்த ஆய்வை எதில் நடத்தினாங்க தெரியுமா? நகராத சைக்கிளில்!

இதில்தான் சூட்சுமம் இருக்கு. சைக்கிளில் களைத்துப் போனால் என்ன ஆகும்? பெடல் மெதுவாகும். அவ்வளவுதான். தலைக்கு மேலே கம்பியைத் தூக்கிக்கிட்டு இருக்கும்போது களைத்துப் போனால்? முதுகு வளையும், முட்டி உள்ளே மடங்கும், தோள் நழுவும். ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் எல்லாம் ஒலிம்பிக் பளுதூக்கும் அசைவுகள். பளுதூக்கும் வீரர்கள் அதை வருஷக் கணக்கில் பழகுவாங்க. ஒண்ணு ரெண்டு முறை தூக்கினதும் நல்லா ஓய்வெடுப்பாங்க. அதையே நேற்று சேர்ந்த ஒருத்தர், மூச்சிரைக்க முப்பது தடவை செய்தால் ரிஸ்க்தான்.

அதுக்காக 'போனாலே கை கால் போயிடும்' என்று அலறவும் வேண்டாம். 2014-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் கிராஸ்ஃபிட் செய்கிற 386 பேரிடம் கேட்டார்கள். காயம்பட்டதாகச் சொன்னவர்கள் 75 பேர், அதாவது ஐந்தில் ஒருத்தர். அதிகம் அடிபட்டது தோளும் கீழ்முதுகும். முக்கியமான விஷயம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று திருத்திய இடங்களில் காயம் குறைவு.

ஆனா எந்த ஆய்வையும் கண்ணை மூடிக்கிட்டு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. 2013-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. பத்து வாரத்தில் மூச்சுத் திறன் கூடியது என்றது. பாதியில் நின்றவர்களில் பலர் காயம் அல்லது அதிக உழைப்பால் நின்றதாகவும் சொன்னது. இந்தக் காயக் கணக்கே தப்பு என்று கிராஸ்ஃபிட் கோர்ட்டுக்குப் போனது. 2015-ல் திருத்தம் போட்டார்கள். 2017-ல் கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டாங்க. அதில் சொன்ன கெட்டதும் போச்சு, நல்லதும் போச்சு!

மைனஸ் நம்பர் ரெண்டு: கிட்னிக்கு வரும் பில்

இது கொஞ்சம் சீரியஸ். பொறுமையா படிங்க.

2011 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம். அங்கே ஃபுட்பால் டீமில் இருப்பவர்கள் எல்லாம் மலை மாதிரி பசங்க. மூணு வார லீவு முடிந்து திரும்பியதும் கடுமையான பயிற்சி. தங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்த எடையில் பாதியைத் தோளில் வைத்துக்கொண்டு 100 ஸ்குவாட். எவ்வளவு நேரத்தில் முடிக்கிறாங்க என்று கடிகாரம் வேறு! அந்தப் பயிற்சிகளுக்குப் பிறகு 13 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

வியாதியின் பெயர் 'ராப்டோமயோலிசிஸ்'. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை செல்கள் உடைகின்றன. உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, வடிகட்டுகிற கிட்னியைப் போய்த் தாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் டயாலிசிஸ் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நல்ல வேளை, அயோவா மாணவர்கள் சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்பினார்கள்.

கிராஸ்ஃபிட் ஆட்களுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. 2005-லேயே அவங்க பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். 'அங்கிள் ராப்டோ' என்று ஒரு கோமாளி கார்ட்டூனே அந்த வட்டாரத்தில் உலவியது. ஆபத்தைக் காமெடி ஆக்கியதுதான் பிரச்னை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை மெடல் மாதிரி சொல்ல ஆரம்பிச்சுடுவோம்.

அயோவா பசங்க கதையில் நமக்கு என்ன பாடம்? அவங்க நோஞ்சான்கள் இல்லை. அவங்களுக்கே ஒரு லீவு இடைவெளி போதுமானதா இருந்தது. இப்போ உங்க கதையை யோசிங்க. ஸ்டடி லீவ், செமஸ்டர் எக்ஸாம், ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பாடு... ஒரு மாசம் கழிச்சு ஜிம்முக்கு வர்றீங்க. மனசு ஒரு மாசத்துக்கு முன்னாடி தூக்கின வெயிட்டை ஞாபகம் வெச்சிருக்கு. தசைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கு. போதாக்குறைக்கு ராத்திரி நாலு மணி நேரத் தூக்கம், காலையில் வெறும் டீ, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பயிற்சி. கூட்டிக் கழிச்சுப் பாருங்க.

சாதாரண உடல்வலி ரெண்டு மூணு நாளில் குறையும். ஆனா வலி தாங்க முடியாமல் இருந்தால், கை கால் வீங்கி மடக்க முடியாமல் போனால், சிறுநீர் கறுப்பு டீ அல்லது கோலா நிறத்தில் போனால், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் டாக்டரிடம் ஓடுங்க. 'ஒரு வலி மாத்திரை போட்டா சரியாயிடும்' என்று நீங்களே முடிவு பண்ணாதீங்க. சில வலி மாத்திரைகள் கிட்னிக்குக் கூடுதல் சுமை.

சரி, சேரலாமா... வேண்டாமா?

தாராளமா சேரலாம். ஆனா வரிசை முக்கியம். முதலில் முறை. அப்புறம் வழக்கம். கடைசியில்தான் வேகம். இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்லீங்க. கிராஸ்ஃபிட்டே தன் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வரிசை. பலரும் அதைத் தலைகீழாப் பிடிச்சுக்கறதுதான் கோளாறு. அதனால் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க:

* ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்க. ஒருத்தர் தப்பாத் தூக்கும்போது பயிற்சியாளர் நிறுத்தித் திருத்துறாரா, 'கமான் கமான்' என்று கத்துறாரா? கத்துறார்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

* அவர் அனுபவத்தைக் கேளுங்க. கிராஸ்ஃபிட்டின் முதல் நிலைச் சான்றிதழுக்கு ரெண்டு நாள் வகுப்பும் ஒரு தேர்வும்தான். அது தொடக்கம். அதுக்குப் பிறகு எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கார் என்பதுதான் மேட்டர்.

* முதல் சில வாரம் வெறும் கம்பி, அல்லது பிளாஸ்டிக் பைப்பை வைத்து அசைவைப் பழக்குறாங்களா? முதல் நாளே ஃபுல் ஸ்பீடு என்றால் வேண்டாம்.

* ஆஸ்துமா, இதயப் பிரச்னை, பழைய முட்டி அடி ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துட்டுச் சேருங்க. பயிற்சியாளரிடமும் மறைக்காதீங்க.

* லீவு முடிஞ்சு வந்தால் பாதி எடை, பாதி எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்க. வாரத்தில் தினமும் மோதாமல் நடுநடுவே ஓய்வு நாள் விடுங்க. தண்ணீர், தூக்கம், சாப்பாடு மூணும் பயிற்சியின் ஒரு பகுதிதான். ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டை, சுண்டல், பருப்பு கிடைத்தால் விடாதீங்க.

மாசக் கட்டணம் கையைக் கடிச்சாலும் கவலை இல்லை. தண்டாலுக்கும் பஸ்கிக்கும் மொட்டை மாடி போதும். மைதானத்தில் ஓட யாரும் காசு கேட்கப் போறதில்லை. மேலே சொன்ன வரிசை அங்கேயும் அதேதான்.

இப்போ பழைய கேள்விக்கு வருவோம். கடிகாரம் ஓடுது, முதுகு வளையுது, நண்பன் கத்துறான். இன்னும் அஞ்சுதான் பாக்கி.

கம்பியைக் கீழே வைங்க. மூச்சு வாங்குங்க. எடையைக் குறைச்சு, முதுகை நேராக்கி, மிச்ச அஞ்சையும் நிதானமா முடிங்க. போர்டில் உங்க பெயர் கடைசியில் இருக்கட்டுமே! அந்த போர்டை இன்னிக்கு ராத்திரியே அழிச்சுடுவாங்க. உங்க முதுகெலும்பு இன்னும் அறுபது வருஷம் உழைக்கணும்.

அப்புறம், கத்திக்கிட்டு நிற்கிற அந்த நண்பனிடமும் சொல்லுங்க: "மச்சான், 'விடாத'ன்னு கத்தாத. 'முதுகை நேரா வை'ன்னு கத்து!"