சிமிட்டும் விளக்கு சொல்லும் சேதி

பேசத் தெரியாத குழந்தையின் நோயை அதன் அழுகையைக் கொண்டே தாய் அறிந்துகொள்வாள். மோட்டார் வண்டியின் திருப்ப விளக்கும் அத்தகையதே. 'இண்டிகேட்டர்' என்று நாம் வழங்கும் அவ்விளக்கு பழுதானால், பழுது எங்கே என்பதைத் தன் சிமிட்டலாலும் 'டிக் டிக்' என்னும் ஓசையாலும் அதுவே பெரும்பாலும் உணர்த்திவிடும்.

நம் வட்டாரத்திற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998ஆம் ஆண்டில் சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. அவ்வாண்டில் வந்தவற்றுள் இன்னும் ஓடுபவை கால் நூற்றாண்டு கடந்த முதியவை. ஒரகடம் சாலையிலோ கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்களும், ஷிப்டு பேருந்துகளும் இடைவிடாது செல்கின்றன. இத்தகைய சாலையில் சொல்லாமல் திரும்பும் ஒரு கார், பின்னே வரும் இரு சக்கர வண்டிக்காரரின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

இவ்விளக்கைச் சிமிட்ட வைப்பது 'பிளாஷர்' என்னும் சிறு கருவி. பழைய வண்டிகளில் அது வெப்பத்தால் இயங்கியது. பள்ளியில் நாம் படித்த ஈருலோகப் பட்டை அதில் ஒரு வகை. மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடேறி வளையும். இணைப்பு விட்டுப்போக விளக்கு அணையும். பட்டை ஆறி நிமிர்ந்ததும் மீண்டும் எரியும். பின்னாளில் மின்னணுப் பிளாஷர் வந்தது. எவ்வகையாயினும் நிமிடத்திற்கு 60 முதல் 120 முறை சிமிட்டுவதே முறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்னும் பின்னும் 21 வாட் பல்பு ஒவ்வொன்று, பக்கவாட்டில் 5 வாட் பல்பு ஒன்று. ஆக 47 வாட். 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 3.9 ஆம்பியர். ஒரு 21 வாட் பல்பு போய்விட்டால் மின்னோட்டம் 2.2 ஆம்பியராகக் குறையும். வெப்பப் பிளாஷருக்குப் போதிய சூடு கிட்டாமையால் அது பெரும்பாலும் சிமிட்டாமல் நின்றுவிடும். மின்னணுப் பிளாஷரோ குறையை உணர்ந்து இருமடங்கு வேகமாகத் துடிக்கும். நோய் ஒன்றே, குறிதான் வேறு.

இனிப் பழுதறியும் முறையைக் காண்போம்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் துடித்தால், அப்பக்கத்துப் பல்புகளைப் பாருங்கள். பல்பு நன்றாயிருந்தால் ஹோல்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். பல்பைக் கழற்றி, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாலே போதும்.

இரு பக்கமும் எரியாவிட்டால், நான்கு விளக்கையும் ஒருசேரச் சிமிட்ட வைக்கும் அபாய சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பிளாஷர் உள்ள வண்டிகளில், அது வேலை செய்தால் பிளாஷர் நலமே. இண்டிகேட்டருக்குரிய பியூஸையோ ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சையோ ஐயுறலாம். அதுவும் வேலை செய்யாவிட்டால் பிளாஷரையும் அதன் இணைப்பையும் ஆராய வேண்டும்.

இண்டிகேட்டர் போட்டால் அருகிலுள்ள பின்விளக்கும் மங்கலாகச் சிமிட்டுகிறதா? எர்த் ஒயர் பாடியோடு சேருமிடத்தில் துரு ஏறியிருக்கும். அதைச் சுரண்டி, திருகை இறுக்கிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அறுந்த பியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். அதே ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். பழைய பல்பை நீக்கி எல்.இ.டி. போட்டால், அது உண்ணும் மின்சாரம் குறைவாதலால் பிளாஷர் பல்பு போனதாகவே எண்ணி வேகமாகத் துடிக்கும். அதற்கேற்ற பிளாஷரும் வேண்டும்.

பழுது நீங்கும் வரை கைச் சைகை காட்டத் தயங்கலாகாது. மலிவான பொருளேயாயினும், நம் மனத்தில் உள்ள திருப்பத்தைப் பிறர் அறியச் செய்வது அந்தச் சிறு பல்பே. குறியறிந்து பழுது நீக்கக் கற்றால் பணமும் மிஞ்சும், உயிரும் காக்கப்படும். வகுப்பறையில் கற்ற இயற்பியலுக்கு இதைவிட நற்பயன் வேறு உண்டோ!