மறைத்த காயம் அடுத்தவரையும் வீழ்த்தும்

"சின்னக் காயந்தானே, எம்சி எதற்கு? ரூமில் படுத்துக்கொள், சம்பளம் போட்டுவிடுகிறேன்." சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிகளே, மருத்துவ விடுப்புச் சான்றான எம்சி வேண்டாமென்று மேற்பார்வையாளர் இப்படிச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். காயம் பதிவாகாவிட்டால் உங்கள் உரிமைக்குச் சான்று இருக்காது. அதே இடத்தில் நாளை இன்னொருவர் அடிபடுவதைத் தடுக்கவும் வழியிருக்காது.

உரிமை என்ன?

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, தவறு யாருடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையால் ஏற்பட்ட காயமாக இருந்தால் போதும். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கான சம்பளம், நிரந்தர ஊனத்துக்கான தொகை ஆகியவை சட்ட வரம்புக்குள் கிடைக்கும். உயிரிழந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. ஒர்க் பெர்மிட் ரத்தானாலும் கோரலாம். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். வீட்டுப் பணிப்பெண்களும் சுயதொழில் செய்வோரும் இச்சட்டத்தில் அடங்கமாட்டார்கள்.

பதிவு எதற்குப் பயன்படுகிறது?

2020 செப்டம்பர் முதல், ஒரே நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ தரப்பட்டாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்தத் தொழிலில், எப்படி அடிபடுகிறார்கள் என்பது இந்தத் தகவல்கள் சேரும்போதுதான் புலப்படுகிறது. இழப்பீட்டுக் கோரிக்கை விவரங்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பகிரப்படுகின்றன. விபத்து மிகுந்த நிறுவனம் கூடுதல் பிரீமியம் கட்ட நேரலாம். ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு வரலாற்றை 'செக்சேஃப்' இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம்.

கண்காணிப்பு பலன் தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்கப் பணித்தளம் இடிந்து 4 பேர் இறந்தனர். அந்த ஆண்டு லட்சம் ஊழியருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம், புதிய சட்டம், சோதனை, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து 2024இல் 1.2 ஆகக் குறைந்தது.

ஆபத்து எங்கே?

பிரீமியம் ஏறும், பெயர் கெடும் என்ற அச்சமே சில முதலாளிகளைக் காயத்தை மறைக்கத் தூண்டக்கூடும். மறைத்தால் கணக்கில் அந்தத் தளம் பாதுகாப்பானதாகத் தெரியும். ஆட்டம் கண்ட சாரம் அப்படியே நிற்கும். தெரிவிக்காமல் இருப்பது சட்டப்படி குற்றம்.

என்ன செய்யலாம்?

• அன்றே மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் எழுதித் தெரிவியுங்கள்.
• எங்கே, எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.
• எம்சி, சம்பளச் சீட்டு, காயத்தின் படம், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.
• முதலாளி தெரிவிக்காவிட்டால் நீங்களே மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

அடிபட்ட நண்பர் தயங்கினால், அவருடன் கூடவே போங்கள்.