பூட்டிய பீரோவும் ஐந்து புத்தகங்களும்

ஈரக்காற்று ஒரு பக்கம், தணிக்கை பயம் மறுபக்கம். தீவுப் பள்ளி நூலகத்தை மாற்றியமைக்க என்ன வேண்டும்?

சிப்பிகாட்டில் தண்ணீர் வந்தால் போவதில்லை. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஊரின் வயல்களில் புகுந்த உப்புநீர் தங்கிவிட, இன்று அங்கே பறவை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆண்டு மழையோ சுமார் 3,000 மி.மீ. காகிதத்துக்கு ஆகாத ஊர்.

இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடங்கள் வழக்கமாக நம்பும் இரும்பு பீரோதான் புத்தகத்துக்கு எமன். மூடிய பீரோவில் காற்று நகராது; பூஞ்சணம் குடியேறும். சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி நிற்கும் திறந்த அலமாரி, எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் புத்தகமும் பிழைக்கும், பிள்ளைகளும் எடுப்பார்கள்.

இது புது யோசனை அல்ல. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கணித ஆசிரியர் எஸ்.ஆர். ரங்கநாதன், அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டவர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தவே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். நம் பள்ளிகளில் சங்கிலிக்குப் பதில் சாவிக்கொத்து.

சாவியை வைத்திருக்கும் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இதில் ஆச்சரியப்படும்படி தாராளம். இரவல் தரப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1,000 நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு. மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. யூனியன் பிரதேசமான அந்தமானில் இந்த விதியை எடுத்துக் காட்டலாம். எத்தனை தலைமையாசிரியர்கள் படித்திருப்பார்கள்?

பயம் போனால் மற்றது தச்சர் வேலை. ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம், முதுகுக்குப் பதில் அட்டை தெரியும் அடுக்கு, தரையில் பாய். தீவுகளில் இந்தி, தமிழ், வங்காளம், தெலுங்கு, ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் பாடம் நடப்பதால், மொழிவாரியாகப் பிரிக்காமல் ஒரே கதையின் வெவ்வேறு மொழிப் பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி என்றிருக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல அகராதி கிடையாது.

பணம்? 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்‌ஷா திட்டத்தில், பள்ளியின் நிலைக்கேற்ப நூலக மானியம் ரூ. 5,000 முதல் ரூ. 20,000 வரை. அதில் வாங்கிய புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது என்று பெற்றோர் கேட்கலாம். சாவி யாரிடம் என்றும்.